நொச்சிவிடுதிக்குத் தீட்டிய மஞ்சள்

1938 மே 9, திங்கள்

எங்கள் சமஸ்தான மராமத்து ஆபீஸ் இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். டிரேசிங்கில் ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதில்லை. ஹைஸ்கூலில் பூகோளம் நடத்தும் சிவசாமி சாருக்கு ஒரு பெரிய உலகப்படம் வேண்டுமாம். ஜூலையில் பொருட்காட்சி, அதற்குள் முடிக்க வேண்டும். "கண்ணுசாமி, உம்ம கைதான்யா சுத்தம். ரெண்டு மாசம் மத்தியானத்துக்கு மேல அவர்கிட்ட போயி இரும்" என்றார். பன்னிரண்டு வருஷமாகப் படம் வரைகிறேன். முதல் பாராட்டு இது. அதையும் இன்னொரு வேலையைத் தலையில் கட்டுவதற்காகச் சொன்னார்.

சாதாரண உலகப்படம் இல்லை. தேசங்கள் கிடையாது, ராஜாக்கள் கிடையாது. எங்கே என்ன சீதோஷ்ணம் என்பது மட்டும். ஒரு ஜெர்மானியர் வகுத்த முறையாம். வெயிலும் மழையும் ஒத்துப்போகிற இடங்களுக்கெல்லாம் ஒரே நிறம், அது மலையாளமாக இருந்தாலும் சரி, பிரேசிலாக இருந்தாலும் சரி. சாருடைய புத்தகத்தில் அந்தப் படம் ஒரு சாண். நான் வரைய வேண்டியது பன்னிரண்டு அடி.

எழுத்தெல்லாம் கடுகைவிடச் சின்னது. பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சாயங்காலம் கண் எரிந்தது. வீட்டுக்காரி மீனம்மாள் வழக்கம்போல அவள் அண்ணன் கொடுத்தனுப்புகிற கண்மருந்தில் இரண்டிரண்டு சொட்டு விட்டாள். என்ன பச்சிலையோ, குளுகுளுவென்று இருக்கிறது.

மே 13, வெள்ளி

கட்டம் போட்டு முடிந்தது. சின்னப் படத்தில் நூல் நூலாக, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு ஒரு கட்டம், பெரியதில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. ஒன்று ஒன்றாகப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். ஆனால் வெறும் பெரிதாக்கல் சாருக்குப் போதாது. கோடு எந்த ஊருக்கு இந்தப் பக்கம், எந்த ஊருக்கு அந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமாம். அதற்காக எங்கெங்கிருந்தோ மழைக் கணக்கு வரவழைத்து வைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் மட்டும் நாற்பது ஊர்.

நம் சமஸ்தானம் அச்சுப்படத்தில் எங்கே என்று தேடினேன். பென்சில் முனையை வைத்தால் திருச்சி ஜில்லாவையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

மே 24, செவ்வாய்

சைபீரியா முடிந்தது. வெயில் நூற்றியாறு. கிரீன்லாந்துக்கு வேலையே இல்லை, வெள்ளையாக விட்டுவிடலாம். நல்ல தேசம்.

மீனம்மாள் எங்கள் மகள் பிரகதாம்பாளைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்க ஸ்கூலுக்கே வந்துவிட்டாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரு எங்கிட்டு இருக்கு?" என்றாள். தெரியாது, அவ்வளவு சின்னது என்றேன். "இம்புட்டுப் பெரிய படத்துல நம்ம ஊரு இல்லையா? பெறகு என்னத்துக்கு இம்புட்டுத் துணி, இம்புட்டுச் சாயம்?" என்றாள். சிவசாமி சார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஜூன் 6, திங்கள்

அவள் கேட்டது சாருக்குள் புகுந்துவிட்டது. படத்தின் கீழ்மூலையில் கடல் சும்மாக் கிடக்கிறது. அங்கே மூன்றடிக்குச் சமஸ்தானத்தை மட்டும் தனியாக வரைந்து, அதையும் அதே முறையில் பிரித்து நிறம் கொடுக்கலாம் என்கிறார். இப்படி இந்தியாவில் யாரும் செய்ததில்லையாம். இருக்கலாம்.

மழைமானி பதினோரு இடத்தில் இருக்கிறது. பத்து வருஷ ரிஜிஸ்தர் நம் ஆபீஸிலேயே கிடைத்தது. நொச்சிவிடுதியும் அதில் ஒன்று. அங்கே அளக்கிறவர் வேறு யாருமில்லை, மீனம்மாளின் அண்ணன் வெள்ளைச்சாமிதான். சாவடியில் எழுத்து வேலை பார்க்கும்போதே பதினோரு வருஷமாக மழையும் அளக்கிறார். மழைமானியைச் சுற்றிக் கம்பிவேலி, அதற்கு ஒரு பூட்டு. அந்தச் சாவி எப்போதும் மச்சான் அரைஞாணில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

ஜூன் 15, புதன்

கணக்கு முடிந்தது. நம் பக்கத்து வெப்பத்துக்கு வருஷத்தில் இருபத்தெட்டு அங்குலத்துக்கு மேல் மழை பெய்தால் அந்த ஊர் ஈரப் பக்கம், குறைந்தால் வறண்ட பக்கம். பத்து ஊர்கள் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டுக்குள். நொச்சிவிடுதி மட்டும் இருபத்தாறே முக்கால்!

சாருக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணுசாமி, நம்ம சமஸ்தானத்துக்குள்ளேயே ஒரு வறண்ட மண்டலம் ஐயா! ராஜபுதனத்துக்குத் தீட்டின மஞ்சளை எடும்!" என்றார்.

ஐந்து மைல் கிழக்கே இருக்கிற மழைமானியில் முப்பத்தைந்து. மேற்கே முப்பத்து நாலு. நடுவில் மட்டும் மேகம் ஒதுங்கிப் போகுமா? கேட்டேன். "இயற்கையில எதுவும் நடக்கும்" என்றார். பத்து வருஷமும் ஒரே மாதிரிக் குறைகிறதே என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் படம் வரைகிறவன், எனக்கென்ன.

மஞ்சள் தீட்டினேன். எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம். நன்றாகத்தான் வந்தது.

ஜூலை 2, சனி

பொருட்காட்சி. படத்தின் முன்னால்தான் கூட்டம். ஆனால் பன்னிரண்டடி உலகத்தை எவன் பார்த்தான்? அவனவன் கீழ்மூலையில் குனிந்து தன் ஊரைத் தேடுகிறான். இன்ஜினியரும் குனிந்து பார்த்தார். மஞ்சள் வட்டத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். சார் விளக்கினார். இன்ஜினியர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூலை 12, செவ்வாய்

நொச்சிவிடுதிப் பெரிய கண்மாய்க்குப் புதுக் கலிங்கு கட்டப்போகிறார்கள். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போகிற வழி அது. அகலம் அறுபது அடி என்று போன வருஷமே நான்தான் வரைந்து கொடுத்தேன். இன்று அந்தப் படம் இன்ஜினியரின் சிவப்பு மசியோடு திரும்பி வந்தது. அறுபதை அடித்து முப்பத்தாறு. ஓரத்தில் குறிப்பு: வறண்ட பிரதேசம், இவ்வளவு அகலம் தேவையில்லை, மிச்சக் கல்லை வேறு கண்மாய்க்குக் கொடுக்கலாம்.

திரும்ப வரைந்தேன்.

ஜூலை 13, புதன்

இருபத்தாறே முக்கால். சாப்பிடும்போதும் அதேதான் ஓடுகிறது.

ஆகஸ்ட் 28, ஞாயிறு. நொச்சிவிடுதி

மச்சான் மகளுக்குக் காதுகுத்து. நேற்றே வந்துவிட்டோம். ராத்திரி நல்ல மழை. விடியுமுன் வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு சாவடிப் பக்கம் போனேன். மழைமானி வேலியைச் சுற்றி ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு சீசா, கொட்டாங்குச்சி. மச்சான் பூட்டைத் திறந்து உள்ளே போய், மழைமானியின் செம்புக் குடுவையை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மருதாயிக் கிழவி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா, பேத்திக்கும் கண்ணு செவந்து கெடக்கு" என்கிறாள். அவரும் சாய்க்கிறார்.

வேப்பங்குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கேயே வேலியோரமாகக் காத்திருந்தேன்.

எட்டு மணிக்கு மச்சான் கை கால் கழுவி, திருநீறு பூசி, அளவுக் கண்ணாடியை எடுத்து வந்தார். மிச்சத் தண்ணீரை ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "அம்பத்தொரு சென்ட்" என்று சொல்லி எழுதினார். அங்குலத்தை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்குதான் சென்ட். அதில் ஒன்றுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மச்சான், காலையில ஊத்துனீங்களே, அது?"

"அது கண்மருந்துக்கு மாப்பிள்ளை. மண்ணுல படாத தண்ணி, சூரியன் பாக்காத தண்ணியாத்தான் வேணும்பாரு வைத்தியரு. வீட்டுச் செம்பை வெளிய வச்சா காக்கா மூக்க விடும், கோழி ஏறும். இது பூட்டிக் கெடக்குல்ல? சுத்தம்னா சுத்தம்."

"அதை அளந்தீங்களா?"

"எட்டு மணிக்கு என்ன இருக்கோ அதை எழுதுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்கு. பதினோரு வருசத்துல ஒரு நாளு, ஒரு நிமிசம் தப்புனதில்ல. நீங்களே புரட்டிப் பாருங்க."

"பெருமழை பேஞ்சா?"

"நெறையாப் பேருக்குக் கெடைக்கும்" என்றார் சந்தோஷமாக. பிறகு, "ஒங்களுக்கு மாசாமாசம் சீசாவுல வருதே, அது எங்கிருந்து வருதுன்னு நெனைச்சீங்க?" என்று சிரித்தார்.

காதுகுத்துச் சாப்பாட்டில் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 29, திங்கள்

அட கடவுளே. இத்தனை நாளாக என் கண்ணில் நானே ஊற்றிக்கொண்டிருந்தது நொச்சிவிடுதியின் மழை. இரண்டு சொட்டு எனக்கு, இரண்டு சொட்டு மருதாயிக்கு, பேத்திக்கு ஒரு சீசா. பத்து வருஷம் இப்படிப் போனால் வருஷத்துக்கு எட்டு அங்குலம் எப்படிக் குறையாது? மேகம் ஒதுங்கவுமில்லை, மண்ணும் வறளவில்லை. அதை நான் மஞ்சளாக்கி, அந்த மஞ்சளை நம்பி இன்ஜினியர் கலிங்கைக் குறுக்கி, அதையும் நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். ஜூன் பதினைந்தாம் தேதியே எனக்கு உறுத்தியது. தெரிந்தே விட்டேன்.

மீனம்மாளிடம் எல்லாம் சொன்னேன். முப்பத்தாறு அடிக் கலிங்கு ஐப்பசி மழையைத் தாங்காது, கரை உடையும் என்றேன். கரைக்குக் கீழே நூறு வீடு, அதில் அவள் அண்ணன் வீடும் ஒன்று. கேட்டுக்கொண்டே இருந்தவள், "ஆபீஸ்ல சொல்லிராதீங்க. அண்ணன் ஊருக்குள்ள தலநிமுந்து நடக்கறதே அந்தச் சாவியாலதான். சர்க்காரை ஏமாத்துனான்னு பேரு வாங்கிக் குடுத்துராதீங்க" என்றாள்.

"ஏமாத்தலடி, ஒரு தப்பு நடந்திருக்கு."

"அது ஒங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

மருந்து சீசாவை எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 3, சனி

சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. மச்சானுக்கே கடிதம் எழுதி, அவரே வந்து சொன்னால் என்ன? எழுதிக் கிழித்தேன். அவருக்குத் தான் தப்புச் செய்ததாகவே தோன்றவில்லை. என்னவென்று வந்து சொல்வார்?

செப்டம்பர் 8, வியாழன்

நொச்சிவிடுதி வேலையைப் பார்க்கும் மேஸ்திரி நாகராசு ஆபீஸுக்கு வந்தார். "சார், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாச்சு. திங்கக்கெழம ரெண்டு பக்கச் சுவருக்கும் கல்லு எறக்குறோம். படத்துல மாத்தம் கீத்தம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. சுவரு எந்திரிச்சிருச்சுன்னா பெறகு என்னைக் கேக்கக்கூடாது" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

செப்டம்பர் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

இன்ஜினியர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரிஜிஸ்தரை வரவழைத்து, அக்கம்பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்த்தார். "உம்ம படத்தை நம்பித்தானேய்யா குறைச்சேன்" என்றார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது? அளந்தவர் என் மச்சான் என்பதையும், மருந்து என் வீட்டுக்கும் வந்ததையும் சொன்னேன். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, எட்டு மணி என்று சொன்ன புத்தகம் அதற்கு முன்னால் தொடாதே என்று சொல்லவில்லை என்றும் சொன்னேன். "அது எனக்குப் புரியுது. மேலே எழுதுறப்ப எடுபடாது" என்றார்.

கலிங்கு மறுபடி அறுபது. எனக்கு ஒரு மெமோ. சாவி உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பெரியண்ணனிடம் போகிறது. உத்தரவைத் தட்டெழுத்தில் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மீனம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு போட்டுவிட்டு, "பிரகதாம்பா, ஒங்க அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்றாள்.

செப்டம்பர் 20, செவ்வாய்

மச்சான் சாவியை அவரே கழற்றிக் கொடுத்தாராம். நாகராசு வந்து சொன்னார். அரைஞாணை அறுத்து, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, இத்தனை நாள் ரிஜிஸ்தரை எழுதிய பேனாவையும் பக்கத்தில் வைத்தாராம். பேனா அவர் சொந்தப் பேனா. அதை ஏன் வைத்தார்?

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். "ஒண்ணுமே கேக்கலீங்க" என்றார்.

அக்டோபர் 4, செவ்வாய்

படத்தைத் திருத்தப் போனேன். மஞ்சள் போகவில்லை. துணியில் ஊறிவிட்டது. மேலே ஈரப் பக்கத்து ஊர்களுக்குத் தீட்டிய இளஞ்சிவப்பைத் தீட்டினால் பழுத்த நிறமாக நிற்கிறது. மூன்று தடவை தீட்டியும் கிட்டத்தில் பார்த்தால் வட்டம் தெரிகிறது. சாருக்குத்தான் ஒரு மண்டலம் போன வருத்தம். "இருந்தாலும் ஆச்சரியம்தான், இல்லையா?" என்றார். எரிச்சலாக வந்தது. அவரையும் சொல்லிப் பயனில்லை. அவருக்கு அது ஒரு வட்டம்.

அக்டோபர் 25, செவ்வாய்

தீபாவளி போயிற்று. மச்சான் வரவில்லை. நாங்களும் போகவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. மீனம்மாள் புதுச்சேலையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தாள், ஆனால் பேசவில்லை.

கலிங்கு முடிந்துவிட்டதாக நாகராசு சீட்டு அனுப்பியிருக்கிறார். அறுபது அடி, அங்குலம் குறையாமல்.

நவம்பர் 6, ஞாயிறு

மழையே இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஆபீஸில் ஒருத்தன், "என்ன சார், ஒங்க மச்சான் ஊரு நெசமாவே மஞ்சள்தான் போல" என்கிறான். அறைந்திருப்பேன். ஒருவேளை இந்த வருஷம் பெய்யவே பெய்யாதோ? வீணாக ஒரு மனுஷன் பேரைக் கெடுத்தேனோ?

நவம்பர் 16, புதன்

மத்தியானத்திலிருந்து ஊற்றுகிறது.

நவம்பர் 17, வியாழன்

விடவில்லை. ஆலங்குடி பஸ் போகவில்லை. காட்டாற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேலாம். மீனம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் என்ன சொல்ல? என் அறுபது அடி போதுமா என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது.

நவம்பர் 18, வெள்ளி

மழை காலையில் விட்டது. மூன்று மணி சுமாருக்கு வாசலில் யாரோ இருமினார்கள். மச்சான்! முழங்கால் வரை சேறு. பதினான்கு மைல் நடந்தே வந்திருக்கிறார். மீனம்மாள், "அண்ணே" என்று ஓடினாள். அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"கலிங்கு போகுது மாப்பிள்ளை. அறுவது அடியும் வழிஞ்சு போகுது. மேல ரெண்டடித் தண்ணி."

"கரை?"

"நிக்குது. ஒரு சாணுதான் மிச்சம், ஆனா நிக்குது. நேத்து பூராக் கரைமேலதான் நின்னேன். முப்பத்தாறா இருந்திருந்தா..." கீழே உட்கார்ந்துவிட்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "என்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம். அதான் வருத்தம். மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார். உண்மைதான். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

மீனம்மாள் காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மடியை அவிழ்த்து ஒரு மருந்து சீசாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அளந்துட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றார். "வெள்ளாப்புல போயி பெரியண்ணன் வாத்தியாரை எழுப்பி, மொதல்ல அளந்து, எழுதி, அவரு கையெழுத்துப் போட்டதுக்கப்புறந்தான் சனங்களுக்கு ஊத்துனது. எட்டு மணிக்கு மிச்சத்தையும் அளந்து கூட்டியாச்சு. ஏழு அங்குலம் பதினாறு சென்ட், ஒரு நாள்ல. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.

மச்சான் குளிக்கப் போனார். மீனம்மாள் சீசாவைத் திறந்து என் தலைமாட்டில் வந்து நின்றாள். பிரகதாம்பாளைக் கூப்பிடவில்லை.

"அண்ணாந்து பாருங்க" என்றாள்.

எழுபது நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டாள்.